மூன்றாவது முறை கேட்டால்

அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாவது முறை எப்போது கேட்பாள் என்று தெரியாமல் பதினொரு நாள் நான் எங்கள் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல நடமாடினேன். அவள் போய் மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அவளை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பதினொரு நாளின் பயம். அழுகை அதற்குப் பிறகுதான் வரும்.

அவளைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவளை வீட்டு முன்னால் கிடத்தியிருந்த அன்றுகூட, பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஆட்கள் அவள் சொன்னதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொல்லி முடிக்குமுன் இன்னொருவர் தொடங்கினார். தங்கள் இடுப்பில் ஊசி போட்ட ஒருத்தியின் சாவில் இப்படிச் சிரிக்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் மட்டும் சாமியானா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரின் சின்ன கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தாள். நர்ஸ் என்று ஊர்தான் சொன்னது. அதற்காக அவள் எங்கும் படிக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு வயல்காட்டு ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது அப்பா துறைமுகத்தில் லோடுமேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கத்தான் முதலில் போனாள். அங்கிருந்த நர்ஸ் கல்யாணமாகி வெளியூர் போனதும் டாக்டர் இவள் கையில் சிரிஞ்சைக் கொடுத்தார். பிறந்த ஊரிலிருந்து வாழைத்தண்டு வரவழைத்து, ஒரு வாரம் அதில் தண்ணீர் ஏற்றிக் குத்திப் பழகியிருக்கிறாள். "இன்னைக்கு வரைக்கும் சத்தம் போடாம ஊசி போட்டுக்கிட்ட ஒரே பேஷண்ட் அந்தத் தண்டுதாம்லே" என்பாள்.

சங்கு குளிக்கிற ஆட்கள் காதில் சீழ் வைத்து அவளிடம் வருவார்கள். ஆறடி உயரம், கதவை மறைக்கிற தோள், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். "ஏலே, கடலுக்கடியில சுறாவப் பாத்தாலே கண்ண மூடமாட்ட. என்னையப் பாத்து மூடுத. நான் என்ன சுறாவ விட மோசமாவா இருக்கேன்?" என்பாள். அவன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பஞ்சை அழுத்திக்கொண்டிருப்பாள். உப்பளத்திலிருந்து பாதம் வெடித்து வருகிற பெண்களிடம், "ஏளா, நீ ஏற்கெனவே பாதி கருவாடாயிட்ட, இனி காயப்போட மட்டுந்தான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே மருந்து கட்டுவாள். வலி வருகிற நொடியில் ஆளைச் சிரிக்க வைத்துவிட வேண்டும். அதுதான் அவள் கணக்கு.

கிளினிக்கில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பற்றி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பேசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கெட்ட ரிப்போர்ட் ஏதாவது வந்தால், டாக்டர் சொந்தக்காரர்களை மட்டும் உள்ளே கூப்பிடுவார். நோயாளிக்குத் தெரியக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அந்தப் பத்து நிமிடம் நோயாளியை வெளியே வைத்துக்கொள்வது அம்மாவின் வேலை. "வாங்க, எடை பாக்கணும், டாக்டர் கேப்பாரு" என்று மெஷினுக்குக் கூட்டிப்போவாள். செருப்பைக் கழற்றச் சொல்வாள், மடியில் இருக்கிற சாவியை எடுக்கச் சொல்வாள், ஒரு தடவை ஏறியவரை இறங்கி இன்னொரு தடவை ஏறச் சொல்வாள். அதற்குள் உள்ளே போனவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். நோயாளி கேட்பார், என்னவாம் என்று. அதற்கும் அம்மாவிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "சாதாரணக் கட்டிதான். மாத்திரையிலயே கரைஞ்சிரும்." அவளே செய்த வாக்கியம். அதை அவள் சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

ஆனால் மூன்றாவது முறை கேட்டால் சொல்லிவிடுவாள்.

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், இதென்ன மூன்று என்று நான் கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னாள். "மொத தடவ கேக்கது, இல்லன்னு சொல்லுங்கன்னு கேக்கது. ரெண்டாவது தடவ, நம்ம மூஞ்சி மாறுதான்னு பாக்கதுக்கு. மூணாவது தடவையும் ஒரு ஆளு கேக்கான்னா, அவனுக்கு முடிக்க வேண்டிய சோலி ஏதோ கெடக்கு. அப்பவும் மறைச்சோம்னா அது களவு."

டாக்டருக்கு இது பிடிக்காது. இரண்டு முறை திட்டியிருக்கிறார். ஒரு தடவை பெரிய வம்பே வந்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நாட்டுப்படகு வைத்திருந்த ஒரு பெரியவர் மூன்றாவது முறை கேட்டதும் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். மறுநாள் அவருடைய மூத்த மகன் கிளினிக்குக்கு வந்துவிட்டான். ஏதோ வேலையாக நானும் அங்கே போயிருந்தேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவன் கேட்டான்.

"நீ யாரு சொல்லுததுக்கு? படிச்ச நர்ஸா நீ?"

அந்தக் கேள்வியை யாராவது ஒரு நாள் கேட்பார்கள் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். மற்ற ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளின் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் இருந்தன. என் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. இவன் போலீஸுக்குப் போவான், அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

அம்மா சேலையில் கையைத் துடைத்தாள். "படிக்கலதான் தம்பி. ரெண்டு பொய்தான் படிச்சேன். மூணாவது வரல" என்றாள்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அவன் கதவை உதைத்துவிட்டுப் போனான். ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவரே வந்தார். பேப்பரில் சுற்றிய ஒரு சீலா மீனை அவள் மேசையில் வைத்தார். படகு எந்த மகனுக்கு என்று சொல்லிவிட்டாராம், இப்போது இரண்டு பேருமே அவரோடு பேசுவதில்லையாம், பரவாயில்லையாம். அவ்வளவுதான் சொன்னார். டாக்டர் அதற்குப் பிறகு அம்மாவைத் திட்டவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கன்டெய்னர் பேப்பர்கள் பார்க்கிறேன். வீட்டில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் கைக்கு வரும். பேங்க் கடிதம், மிக்ஸியோடு வந்த கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற மெல்லிய தாள் எல்லாமே. நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். என் வாயிலிருந்து வருவது தாளில் இருப்பதுதான் என்று அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள்.

அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். வயிற்றில் கேஸ் என்றாள். ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டே, "இருபது வருசமா இளைக்கணும்னு பாக்கேன், இப்பத்தான் வித்தை பிடிபட்டுச்சு" என்றாள். முதுகுப் பக்கம் வலி என்று சொன்ன அன்று அவளுடைய டாக்டரே படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வாங்கப் போன அன்று அப்பாவுக்குக் கப்பல் வந்திருந்தது, சரக்கு இறக்கப் போய்விட்டார். நான் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு போனேன்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சின்ன வயது நர்ஸ் ஒருத்தி வந்தாள். "அம்மா, வாங்க, பிரஷர் பாத்துருவோம்" என்றாள். பத்து நிமிடம் முன்னால்தான் அவளே பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருந்தாள்.

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எடை மெஷின் பக்கம் எத்தனை பேரைக் கூட்டிப்போயிருப்பாள் அவள்.

"பாப்போம் தாயி. அதுக்குள்ள ஏறித்தான் இருக்கும்" என்று எழுந்து, அந்தப் பெண்ணுக்கு முன்னால் நடந்து திரைக்குப் பின்னால் போய்விட்டாள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். கணையத்தில் வந்திருக்கிறது, கல்லீரலுக்கும் போய்விட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது, மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கும், இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்றார். ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்தது. அன்றுதான் முதல் முறையாக, படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பும் பஸ் வாகைக்குளம் தாண்டும் வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே, "என்ன போட்டிருக்குலே?" என்றாள்.

பதில் தயாராக வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வந்தது.

"சாதாரணக் கட்டிதாம்மா. மாத்திரையிலயே கரைஞ்சிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. ஊரில் வேறு யாராவது தன் அம்மாவிடம் பொய் சொல்லியிருந்தால் சொந்தமாக ஒரு பொய்யைச் சொல்லியிருப்பான். சின்ன வயதிலிருந்து கிளினிக் வாசலில் கேட்டுக் கேட்டு, நான் அவளுடைய பொய்யை எடுத்து அவளிடமே நீட்டிவிட்டேன்.

"மாத்திரையிலயே கரைஞ்சிருமா" என்றாள். சிரித்தாள். "பரவாயில்லையே." அடுத்த நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகக் கடலை வாங்கி என் கையில் கொட்டினாள். தெரிந்துகொண்டு சிரித்தாளா, நிம்மதியில் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கடலையைக்கூட என்னால் விழுங்க முடியவில்லை.

அன்று மாலை அம்மா குளிக்கப் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் தோளில் போடுகிற துண்டை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "அவட்ட சொல்லாண்டாம்யா. தாங்கமாட்டா" என்றார். தாங்கமாட்டாதவர் அவர்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சரி என்றேன். சரி என்று சொல்வது எனக்கும் வசதியாக இருந்தது.

மறுநாள் காலையில் தோசைக் கல்லின் முன் நின்றுகொண்டு அம்மா கேட்டாள். "ஏலே, அந்தப் பேப்பர ஒழுங்காப் படிச்சியா? ஒன் காலேஜ் இங்கிலீஷு அதுக்குப் பத்துமா?"

"படிச்சேம்மா. கட்டிதான்."

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மூஞ்சி மாறுதான்னு பாக்கதுக்கு. நான் தட்டுக்குள் குனிந்துகொண்டேன். சட்னி போதுமா என்று கேட்டுவிட்டு அடுத்த தோசையை ஊற்றினாள்.

அதோடு இரண்டு.

ரிப்போர்ட்டை முதலில் ஆபீஸ் மேசையில் வைத்துப் பூட்டினேன். அங்கேயும் பயமாக இருந்தது. வீட்டுக்கே எடுத்து வந்து என் சான்றிதழ் ஃபைலுக்குள், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கும் பட்டத்துக்கும் நடுவில் வைத்தேன். வீடு முழுவதும் தூசி தட்டுகிற அம்மா அந்த ஃபைலை மட்டும் தொடமாட்டாள். கை ஈரம் பட்டுவிடும் என்பாள். அந்த மரியாதைக்குள் அதை ஒளித்து வைத்தேன்.

அவள் "ஏலே" என்று கூப்பிடும்போதெல்லாம் இதுதான் மூன்றாவது என்று நினைப்பேன். "ஏலே..." என்பாள். கொஞ்சம் நிறுத்துவாள். பிறகு, "மாவு அரைச்சு வாங்கிட்டு வாரியா" என்பாள். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஆபீஸில் கன்டெய்னர் நம்பரை மாற்றி எழுதி மானேஜரிடம் திட்டு வாங்கினேன். வேலை முடிந்த பிறகும் காரணமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். உப்பு லாரிகள் வரிசையாகத் துறைமுகத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு, இந்த லாரி போனதும் எழுந்துவிடலாம், அடுத்த லாரி போனதும் எழுந்துவிடலாம் என்று நேரம் கடத்துவேன். வீட்டுக்குள் நுழையும்போது அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தால் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். ஆள் இருந்தால் கேட்கமாட்டாள்.

அவள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். தட்டில் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். ஒரு நாள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். நான் பார்த்ததைப் பார்த்து, "கதவு விழாமப் பிடிச்சிருக்கேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி கொடுத்த இரண்டு வாரம் கரைந்துகொண்டிருந்தது. மருந்து ஏற்றுவதாக அப்பாவும் நானும் முடிவு செய்துவிட்டோம். அவளிடம் சத்து டிரிப் என்று சொல்லிக் கூட்டிப்போவது என்பது அப்பாவின் யோசனை. இருபத்திரண்டு வருடம் டிரிப் போட்ட ஒருத்தியிடம். நான் அதற்கும் தலையாட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பார்த்து, ஆஸ்பத்திரி கொடுத்திருந்த, அவளுடைய உடம்புக்கான சம்மதத் தாளில் என் பெயரை எழுதி வைத்தேன். அவளிடம் கேட்காமல்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கிளினிக்கிலிருந்து போன் செய்தாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன், எடுத்து வா என்றாள். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தேன். டப்பா அடுப்படி மேடையில் மூடி வைத்து, மேலே துணி போட்டிருந்தது. அவள் ஒரு நாளும் மறந்தவள் இல்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வண்டி இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. நடந்தால் நேரம் கூடக் கிடைக்கும்.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். சங்கு குளிக்கிற ஒருவர் கடைசி ஆளாக ஊசி போட்டுக்கொண்டு, இடுப்பைத் தடவிக்கொண்டே குனிந்து வெளியே போனார். அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இவ்வளவு நேரம் கழுவ வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. பிறகு பஞ்சு உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இங்கன உக்காரு" என்றாள்.

நோயாளிகள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"ஏலே, எனக்கு என்னலே?"

அப்பா துண்டை மடித்தது கண்ணில் வந்தது. பொய் நாக்கின் நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் நாலாவது முறை கேட்டிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"கேன்சர்மா" என்றேன்.

"எங்கன?"

"கணையத்துல."

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியவில்லை. நான் பாடப் புத்தகத்தில் படித்த வார்த்தை. என் சட்டையின் மேலேயே கை வைத்துக் காட்டினேன், வயிற்றுக்குப் பின்னால், இங்கே என்று. ஈரலுக்கும் போயிருக்கிறது என்றேன்.

"எவ்வளவு நாளு சொன்னாக?"

அதையும் சொன்னேன். மருந்து ஏற்றினால் எவ்வளவு, ஏற்றாவிட்டால் எவ்வளவு.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையிலிருந்த பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தாள். மடியில் வெள்ளையாகக் குவிந்தது. அவள் முகத்தில் இருந்த எதுவும் எனக்குப் பழக்கமானதாக இல்லை. கன்னம் இறங்கியிருந்தது. கண் என்னைத் தாண்டி ஷட்டரின் அடியில் தெரிந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குலே" என்றாள்.

என் வாழ்நாளில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. பதினொரு நாள் எதைப் பார்க்க வேண்டிவரும் என்று ஓடினேனோ அது எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஏதாவது செய்ய வேண்டும். அவள் எல்லோருக்கும் செய்வதைச் செய்யலாம் என்று நினைத்தேன்.

"நீ இல்லன்னா இந்த ஊர்ல ஊசிக்கு அழுத சத்தம் கொழும்பு வரைக்கும் கேக்கும்மா" என்றேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

"ஒனக்கு அது வராதுலே. விடு. நீ படிச்சத மட்டும் சொல்லு" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். என்ன மருந்து, எத்தனை நாளைக்கு ஒரு முறை, முடி கொட்டுமா, வாந்தி வருமா. ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன், ஏன் இத்தனை நாள் காத்திருந்தாய் என்று. "ஒனக்குத் தைரியம் வாரட்டும்னு பாத்தேன்" என்றாள். "வார மாதிரித் தெரியல. எனக்கு நாளு போய்க்கிட்டே இருக்குல்லா." டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். மீதியை என் பக்கம் தள்ளினாள். டாக்டர் வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து தின்றுகொண்டிருந்தோம். அவர் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அவளே சொன்னாள். "ரெண்டு ஆம்பளைங்க சேந்துகிட்டு எனக்குச் சத்து டிரிப்பா? பாட்டில் கலரு எனக்குத் தெரியாதா?" அப்பா சிரிக்க முயன்று முடியாமல் பின்பக்கம் போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டிருந்த தாளைக் கொண்டு வரச் சொன்னாள். என் பெயருக்குக் கீழே, எழுத்துக் கூட்டி, தன் பெயரை எழுதினாள். மருந்து ஏற்றிக்கொள்கிறேன், ஆனால் இனி யாரும் என்னைப் பிரஷர் பார்க்கக் கூட்டிப்போகக் கூடாது, எதுவானாலும் என் முன்னால் பேச வேண்டும் என்றாள்.

ஏழு மாதம். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சில நாள், "நிறுத்து, மிச்சத்த நாளைக்குக் கேக்கேன்" என்பாள். மருந்து ஏற்றும் முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். பயமா இருக்கு என்று சத்தமாகச் சொல்வாள், அடுத்த கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி. அடுத்த கட்டில்காரி எனக்கும்தான் என்பாள். பிறகு இரண்டு பேரும் ஊசி குத்த வருகிற பெண்ணைக் கேலி செய்யத் தொடங்குவார்கள். எனக்கு அந்த வார்த்தை பழகவே இல்லை.

முடிக்க வேண்டிய சோலி அவளுக்கும் இருந்தது. கிளினிக்கில் அவள் இடத்துக்கு முறையாகப் படித்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். உடம்பு தேறியிருக்கிற நாட்களில் அங்கே போய் உட்கார்ந்து, யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், எந்த ஆள் ஊசிக்கு முன்னால் மயங்கி விழுவான், யார் வீட்டில் மருந்து வாங்கிக் கொடுக்கமாட்டார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டாள். அப்பாவுக்குச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அது மட்டும் கடைசி வரை சரியாக வரவில்லை.

கடைசி நாள் காலை. விடிந்து வெகுநேரமாகியிருந்தது. வார்டில் இட்லிப் பொட்டலம் பிரிக்கிற வாசனை. அப்பா டீ வாங்கப் போயிருந்தார். அம்மாவின் கண் மஞ்சளாக இருந்தது. மூச்சு ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தது. நர்ஸ் பெண் ட்ரேயில் ஊசி எடுத்து வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அம்மா தலையை என் பக்கம் திருப்பினாள்.

"இன்னைக்காலே?"

அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். அவள் டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டாள். காலையில் வந்த டாக்டர் அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து இன்றைக்குத் தாண்டாது என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு முறை கேட்பதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

"இன்னைக்குத்தான் போலம்மா" என்றேன்.

அவள் விரல் என் மணிக்கட்டில் இறுகியது. பயந்துபோன பிடி. நகம் பதிந்தது. அவள் அதை மறைக்கவில்லை. பிறகு கண்ணால் ட்ரேயைக் காட்டினாள்.

"அப்ப இந்த ஊசி எதுக்கு? அந்தப் பிள்ளைட்ட சொல்லு, வேற யாருக்காச்சும் ஆகும்."

நான் சொன்னேன். சொல்லத் தேவையில்லை, அவளுக்கே கேட்டிருந்தது. அந்தப் பெண் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா மெல்லக் காலை மடக்கி அவளுக்கு இடம் விட்டாள்.

அப்பா டீ ஃபிளாஸ்க்கோடு வந்து வாசலில் நின்றார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வரத் தயங்கினார்.

"வந்து உக்காருங்க" என்றாள் அம்மா. "இன்னைக்கு ஒங்களுக்குக் கப்பல் இல்லல்லா."

அவர் வந்து உட்கார்ந்தார்.